போயா இரவு தியான வகுப்பு: போகலாமா?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு யோகா வகுப்பில் போயா, அதாவது பௌர்ணமி, நாட்களில் இரவு நிலா வெளிச்சத்தில் தியானம் வைக்கிறார்கள், போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே வடிவாகச் செய்கிறார்கள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, மேல்மாடியில் லைட் எல்லாம் நிற்பாட்டி, பாய் விரித்து, ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் தருகிறார்கள். போன மாதம் எதற்குக் கோபப்பட்டோம், யாரோடு கதைக்காமல் இருக்கிறோம் என்று எழுத வேண்டும், ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சித்திரா பௌர்ணமிக்குக் கோயிலில் சித்திரகுப்தர் கதை படித்து, கஞ்சி வார்த்து, காலமான தாயை நினைத்து விரதம் பிடிக்கிற ஊர் இது, பாவ புண்ணியக் கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லையே! படிப்பித்தவரும் அதைச் சொல்லித்தான் தொடங்கினார்.

ஸ்பீக்கரில் போட்ட புல்லாங்குழல் தேவையே இல்லை, தென்னோலைச் சத்தமே போதும். நுளம்புத்திரியும் காணாது. முடிய இஞ்சி போட்ட மல்லித்தண்ணி தந்தார்கள், நல்ல சூடு. கீழே இருக்க ஏலாதவர்கள் கேட்டால் கதிரை உண்டு, ஆனால் படி செங்குத்து, வயதான அம்மாமாரைக் கூட்டிப் போகிறவர்கள் கவனம். இடம் குறைவு, அதனால் ஒரு கிழமைக்கு முதலே சொல்லி வையுங்கள்.