பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை

எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரத்து) வாலிபர் கூடுகைக்குப் பாடநூல் தேடி, பாளையங்கோட்டையிலுள்ள இந்தச் சிறு கடைக்குக் கடந்த மாதம் மூன்று முறை சென்றேன். வேதாகமமும் பாமாலை என்னும் ஆராதனைப் பாட்டுப் புத்தகமும் எல்லா அளவுகளிலும் கிடைக்கின்றன. விலையிலும் குறை சொல்வதற்கில்லை.

நான் தேடியதோ வேறு. சாதி பார்த்து முடிக்கப்படும் திருமணம், வரதட்சணை, சபைத் தேர்தலில் புழங்கும் பணம் ஆகியவற்றை வேதத்தின் வெளிச்சத்தில் ஆராயும் நூல்கள் அரைத்தட்டுக்கும் குறைவாகவே இருந்தன. விசுவாசித்தால் செல்வமும் சுகமும் வரும் என்னும் செழிப்பு உபதேச நூல்களோ வாசலுக்கு நேரே இரண்டு அலமாரிகளை நிறைத்திருந்தன. 1820இல் இவ்வூருக்கு வந்து, சபைக்குள் சாதி வேற்றுமையை எதிர்த்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸின் ஊரிலா இப்படி என்று தோன்றியது. 1903இல் நம்மவர்கள் தங்கள் காணிக்கையைக் கொண்டே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய மண் இது.

நற்செய்தி அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் கிறிஸ்தவக் கடமையின் பகுதிகளே என்று பல நாட்டுச் சுவிசேஷ கிறிஸ்தவர்கள் 1974இல் சுவிட்சர்லாந்தில் கூடி ஏற்ற லோசான் உடன்படிக்கை தன் ஐந்தாம் பகுதியில் கூறுகிறது. சுவிசேஷ நம்பிக்கையுள்ள நாம் முதல் பாதியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டோம் என்பது என் கருத்து. அந்த உடன்படிக்கையை விளக்கும் சிறுநூல் உண்டா என்று கேட்டபோது, கடைக்காரப் பெரியவர், "அதெல்லாம் யாரு அண்ணாச்சி கேக்கா?" என்று சிரித்தார். ஆயினும் கேட்ட தலைப்புகளைக் குறித்துக்கொண்டு, பத்து நாளில் இரண்டு நூல்களை வரவழைத்துத் தந்தார். அந்த அக்கறைக்காகவே மீண்டும் செல்வேன். ஞாயிறு விடுமுறை.