வீட்டு சர்வர்கள் எல்லாம் ஒரே பெட்டியில்: ப்ராக்ஸ்மாக்ஸ் எப்படி இருக்கிறது?

வீட்டில் சின்னச் சின்னதாக நாலைந்து சர்வர்களை ஓட்டி அலுத்துப்போனவர்களுக்கு, ஒரே கணினிக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓட்டவிடும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ-யைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்; இது இலவசம் வேறு. ஆனால் வீட்டு நெட்டை மட்டும் இதன் தலையில் கட்டாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கரன்ட் கணக்கு. எங்கள் மதுரை வீட்டில் ஃபைல்களுக்கு ஒரு பழைய டவர் பிசி, வீட்டுப் படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபினுக்குக் கீபோர்டு செத்துப்போன லேப்டாப், லைட், சென்சார்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற ஒரு கையளவுக் கணினி என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்து பிளக் மீட்டரில் 80 வாட் பக்கம் காட்டும். இப்போது மினி பிசியும் வெளி ஹார்டு டிஸ்க்கும் சேர்த்து 20 வாட். ஒரு வாட் இரவுபகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 1.44 யூனிட். 60 வாட் குறைந்தால் 86 யூனிட். ஏசி ஓடும் சித்திரை வைகாசியில் 500 யூனிட்டை உரசிக்கொண்டு நிற்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா ரேட் ஏறுகிறது? கீழே இருப்பதற்கும் சேர்த்துத்தான்.

பெட்டி, ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய ரகம். சென்னை ரிச்சி தெருவில் இந்த மாதிரி மினி பிசிக்கள் கிடைக்கும். என்னுடையதில் இன்டெல் ஐ5 8500டி: ஆறு கோர், 35 வாட் சிப். புதிதாக வாங்குபவர்கள் என்100 பெட்டியைப் பார்ப்பார்கள். அது இன்னும் குறைவாகக் கரன்ட் குடிக்கும். ஆனால் கோர் நாலுதான், ராமும் இன்டெல் கணக்குப்படி 16 ஜிபியோடு சரி. பல சர்வர்களை அடுக்கப்போகிறவர்களுக்கு ராம்தான் முதலில் தீரும், சிபியு இல்லை.

ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் இருக்கும் ஒரு கம்பெனி 2008 முதல் வெளியிட்டு வரும் மென்பொருள். அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ்; 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13 மேல் நிற்கிறது. பென்டிரைவில் போட்டு நிறுவி முடித்ததும் மானிட்டரைக் கழற்றிவிடலாம். மற்றதெல்லாம் பிரௌசரில், 8006 போர்ட்டில். உள்ளே நுழையும்போதெல்லாம் 'உங்களுக்குச் சந்தா இல்லை' என்று ஒரு பெட்டி குதிக்கும். சரி என்று தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அப்டேட் வர, அது எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் ரெபாசிட்டரி பகுதியில் சந்தாதாரர்களுக்கானதை நிறுத்திவிட்டு இலவசமானதைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அப்டேட் தட்டினால் பிழைச் செய்தி வரும். சந்தா வருடத்துக்கு 100 யூரோவுக்கு மேல். வீட்டுக்குத் தேவை இல்லை.

சர்வர்களை இரண்டு விதமாக வைக்கலாம். விஎம் என்றால் தனி கெர்னலோடு (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மென்பொருளிலேயே உருவாக்கிய முழுக் கணினி. எல்எக்ஸ்சி கன்டெய்னர் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும், ராமும் கொஞ்சம்தான். ஹோம் அசிஸ்டன்ட் தன் சொந்த ஓஎஸ்ஸோடு வருவதால் அதற்கு விஎம். வயர் இல்லாமல் சென்சார்களோடு பேசும் ஜிக்பீ யுஎஸ்பி குச்சியை இரண்டு கிளிக்கில் அதற்குள் தள்ளிவிட்டேன். போட்டோக்களுக்கான இம்மிச், டாக்கர் என்ற இன்னொரு கன்டெய்னர் மென்பொருளில் ஓடுவதால் அதற்கும் விஎம். டாக்கரை விஎம்முக்குள் வைக்கச் சொல்லித்தான் ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்களே எழுதியிருக்கிறார்கள். ஜெல்லிஃபின் மட்டும் கன்டெய்னரில். இன்டெல்லின் வீடியோ சிப்பை அதற்குத் திறந்துவிட்டால் 4கே படத்தைக்கூட சிபியு வியர்க்காமல் சுருக்கி டிவிக்கு அனுப்புகிறது. எங்கள் அத்தைக்கு ஜெல்லிஃபின் என்றால் என்னவென்றே தெரியாது. சாயங்காலம் பழைய படம் தடங்கல் இல்லாமல் ஓடினால் போதும். ஓடுகிறது.

எரிச்சல் வரும் இடம் ஒன்று உண்டு. பாதுகாப்புக்காகக் கன்டெய்னருக்குள் இருக்கும் பயனர் எண்களோடு வெளியே 1,00,000 கூட்டப்படும். உள்ளே 1000 என்று இருப்பவர் வெளியே 1,01,000. ஹார்டு டிஸ்க்கின் ஃபோல்டரை நேராகக் கன்டெய்னருக்குள் இணைத்தால் படிக்க முடியும், எழுத அனுமதி இல்லை என்று நிற்கும். ஃபோல்டரின் உரிமையாளர் எண்ணை வெளியே மாற்றினால் சரியாகிவிடும். விஷயம் தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிட வேலை, தெரியாதவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு அழகான திரைகளை வைத்துக்கொண்டு இதற்கு ஒரு பட்டன் வைக்கலாம்.

கரன்ட் மிச்சத்தைவிட நான் பெரிதாக நினைப்பது ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும்தான். ஹோம் அசிஸ்டன்டுக்கு மாதா மாதம் புதுப் பதிப்பு வரும். அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சர்வரின் அந்த நேரத்து நிலையின் பதிவு. பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கிளிக். ராஸ்பெர்ரி பையில் இதற்கு மெமரி கார்டைக் கழற்றி நகல் எடுக்க வேண்டும், யார் எடுத்தார்கள்? ராத்திரி பேக்கப் சர்வர்களை நிறுத்தாமலே நடக்கிறது. அந்தக் கீபோர்டு செத்த லேப்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவி, பேக்கப் நேரத்துக்கு மட்டும் எழுப்புகிறேன். மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கன்டெய்னருக்குள் இணைத்த வெளி ஃபோல்டரில் இருப்பவை இந்த பேக்கப்பில் சேராது. குடும்பப் போட்டோக்களை அப்படி வைத்திருந்தால் அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

மினி பிசிக்குள் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமில்லை, யுஎஸ்பி பெட்டியில்தான் தொங்கும். அதில் இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு முறையை வைத்து விளையாடாதீர்கள். உள்ளே ஒரே எஸ்எஸ்டி என்றால் இன்ஸ்டாலர் தானாகத் தரும் எல்விஎம்-தின் என்ற முறையே போதும், ஸ்னாப்ஷாட் அதிலேயே வரும்.

இப்போது நெட். ரூட்டரையும், வீடு முழுக்க விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலையும் இதே பெட்டிக்குள் விஎம்மாக வைத்துக் காட்டும் வீடியோக்கள் நிறைய. வைக்கலாம், ஓடும். ஆனால் கெர்னல் அப்டேட்டுக்குப் பெட்டியை ரீபூட் செய்யும் அந்தச் சில நிமிடத்தில் இங்கே ஆபீஸ் மீட்டிங், அங்கே பையனின் ஆன்லைன் பரீட்சை, 'அம்மா, நெட் போச்சு' என்ற குரல். ராம் ஒன்று கெட்டுப்போனால் சரிசெய்யும் வழியைத் தேடக்கூட நெட் இருக்காது. அதனால் பை-ஹோல் இன்னும் தனி ராஸ்பெர்ரி பையில், ரூட்டர் ரூட்டராகவே.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு இன்வெர்ட்டர் தாங்குகிறது. தாங்காத நாளுக்காக பயாஸில் 'கரன்ட் வந்ததும் தானே எழு' என்பதை ஆன் செய்துவிட்டு, ப்ராக்ஸ்மாக்ஸில் எழும் வரிசையையும் கொடுத்திருக்கிறேன்: முதலில் ஃபைல் சர்வர், கொஞ்சம் தாமதித்து ஜெல்லிஃபின்.

இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் கம்பெனியின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ பற்றிக் கேட்பவர்களுக்கு: விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது, 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பு நின்றது, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. வந்தாலும் நான் போக மாட்டேன். ஏற்கெனவே அதில் இருப்பவர்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இம்போர்ட் வசதி இருக்கிறது. பழைய விஎம்களை அப்படியே இழுத்துக்கொள்ளலாம்.