பாதியில் முறிந்த மேம்படுத்தல்: பழுதுபார்ப்பதா, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதா?

லினக்ஸ் போன்ற இயங்குதளத்தில் பேக்கேஜ்களை (நிறுவப்படும் மென்பொருள் பொதிகளை) மேம்படுத்தும் வேலை பாதியில் முறிந்துவிட்டால், பிழையைக் கண்டறிந்து நின்ற இடத்திலிருந்தே வேலையை முடிக்கலாம். அல்லது முன்னதாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது கோப்புகள் அந்நேரம் இருந்த நிலையின் பதிவுக்குத் திரும்பிவிடலாம். இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவுவதை நான் மூன்றாவது வழியாகக் கருதுவதில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்கும் சர்வர் ஒன்றையும், ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஓப்பன்சூசே என்னும் லினக்ஸ் இயங்கும் மேசைக் கணினி ஒன்றையும் பராமரித்து வரும் எனக்கு, சர்வரைப் பொறுத்தவரை பழுதுபார்ப்பதே சரியென்று படுகிறது.

அண்மையில் அந்தச் சர்வரில் பேக்கேஜ்களை மேம்படுத்தும் கருவியான ஆப்ட் முறிந்தபோது, திரையில் மூன்று நான்கு பேக்கேஜ்கள் பிழையோடு நின்றன. ஆப்டின் அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி முதலில் கோப்புகளை விரித்து வைத்துவிட்டு, அதன் பிறகே பேக்கேஜைக் கான்ஃபிகர் செய்கிறது, அதாவது இயங்குவதற்கு ஏற்ப அமைக்கிறது. ஒன்று அந்த இரண்டாம் கட்டத்தில் தோற்றால், அதைச் சார்ந்தவையும் முடிவடையாமல் நின்றுவிடும். ஆகவே முதலில் வந்த பிழையைத்தான் தேட வேண்டும். ஆப்ட் எழுதிவைக்கும் டெர்ம் லாக் கோப்பை மேலிருந்து படித்தபோது, கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்ததால், புதிய கெர்னலுக்கான (இயங்குதளத்தின் மையக் கருவுக்கான) இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தொடக்கக் கோப்பை எழுத முடியவில்லை என்பது தெரிந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னல் எதுவென்று யுநேம் கட்டளையால் உறுதிசெய்துகொண்டு, வேறொரு பழைய கெர்னலை டிபிகேஜி மூலம் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கான்ஃபிகர் செய்யும் கட்டளையை இட்டதும் வேலை முடிந்தது. பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும் கணினியில் ரூட்டின் (முதன்மைக் கோப்பு முறைமையின்) ஸ்னாப்ஷாட் அதைத் தொடுவதே இல்லை. திரும்பியிருந்தால், அடுத்த முறையும் அதே இடத்தில்தான் முறிந்திருக்கும்.

ஆயினும் நான் பழுதுபார்க்கும் பக்கம் சாய்வதற்கு முதன்மைக் காரணம் தரவுதான். நிரலைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோவது எளிது; அந்த நிரல் இதற்குள் மாற்றி எழுதிவிட்ட தரவை என்ன செய்வது? மைஎஸ்கியூஎல் தரவுத்தள நிரல் 5.7-இலிருந்து 8.0-க்குப் போகும்போது, புதிய சர்வர் முதன்முறை தொடங்கியதுமே தரவின் உள்ளமைப்பை மாற்றிவிடுகிறது. அதன் பிறகு 5.7-க்கு இறங்க ஆதரவில்லை, முன்பு எடுத்த காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தள நிரலிலும் ஒரு பெரும் பதிப்பின் தரவு அடைவை மற்றொரு பெரும் பதிப்பு அப்படியே திறக்காது. ஓப்பன்சூசேயின் இயல்பான அமைப்பில், இத்தகைய தரவு இருக்கும் வார் அடைவு ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே இருப்பதால், திரும்பிய பின் பழைய நிரலுக்கு முன்னால் புதிய தரவு கிடக்கும். வார் அடைவையும் சேர்த்துத் திருப்பினால், இடைப்பட்ட நேரத்தில் வந்த மின்னஞ்சல்களும் பதிவுகளும் போய்விடும். பயனர்கள் ஒப்படைத்த தரவை அப்படி இழப்பதைவிட, இரண்டு மணி நேரம் லாக் படிப்பது எவ்வளவோ மேல்.

மேசைக் கணினியில் நிலைமை வேறு. ஓப்பன்சூசேயின் பேக்கேஜ் கருவியான ஜிப்பர் ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்னும் கருவி வழியாக ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுகிறது; பயனரின் ஹோம் அடைவு அதில் சேராது. திரை இயக்கி கெட்டுக் கணினி எழாமல் போன இரண்டு முறையும், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து, சில நிமிடங்களில் வேலைக்குத் திரும்பினேன். கணினி எழவே மறுக்கும்போது, பழுதுபார்க்கும் கட்டளைகள் எவ்வளவு திறமையானவையாக இருந்தாலும், வெளி மீடியாவிலிருந்து பூட் செய்யாமல் அவற்றை இடவே முடியாது.

ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை மீது அமையும் பூட் என்விரான்மென்ட் முறையை (பழைய நிலையைத் தேர்ந்து கணினியைத் தொடங்கும் முறையை) சோதனைக் கணினி ஒன்றில் மட்டுமே கையாண்டிருக்கிறேன். அங்கே சிக்கலின்றித் திரும்ப முடிந்தது. ஆனால் அந்தக் கணினியில் தரவுத்தளம் எதுவும் இல்லை.