ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: இலவசம்தான், ஆனால் எஜமானர் பக்கம் மட்டும்

ஆரம்பகால அமெரிக்காவின் அடிமை முறை, அதன் ஒழிப்பு என்று ஆய்வில் இறங்கும் முதுகலை மாணவர் யாராக இருந்தாலும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற இந்த இணையதளத்தில் கால் வைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் திறந்தது. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஹாமில்டன் என்று அமெரிக்காவை நிறுவிய தலைவர்களின் கடிதங்களும் பிற ஆவணங்களும் 1,80,000-க்கும் மேல். காசு கேட்பதில்லை, கணக்குத் தொடங்கவும் சொல்வதில்லை.

இதன் அருமை தெரிய 1791 ஏப்ரல் 12 கடிதத்தைப் படியுங்கள். வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவந்த அடிமை தொடர்ந்து ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம் என்பது அன்றைய பென்சில்வேனியா மாநிலச் சட்டம். ஜனாதிபதி வாஷிங்டன் தன் அடிமைகளோடு குடியிருந்ததோ அந்த மாநிலத்தின் பிலடெல்பியாவில். அவர் தன் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதுகிறார்: ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களை ஊருக்கு அனுப்பிவிடு, விஷயம் அவர்களுக்கும் தெரியக் கூடாது, வெளியாருக்கும் தெரியக் கூடாது. மனுஷன் என்ன நிதானமாக எழுதியிருக்கிறார்!

1796 மே மாதம் அதே வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் தப்பி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த சுங்க அதிகாரி விப்பிள் அவரிடம் பேசிப் பார்த்ததும், எஜமானரும் எஜமானியும் இறந்த பிறகாவது விடுதலை உண்டென்றால் திரும்பி வருவார் என்று எழுதியதும், நவம்பர் 28 அன்று வாஷிங்டன் அந்தப் பேரத்துக்கே இடமில்லை என்று மறுத்ததும் கடிதம் கடிதமாகப் பின்தொடர வேண்டிய கதை.

சரி, குறைகள். பொதுவாக 'slave' (அடிமை) என்று தேடினால் பாதி கையை விட்டுப் போய்விடும், ஆள் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அதுவும் பல எழுத்துக்கூட்டலில் (ஓனாவை 'ஓனி' (Oney) என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்). சில ஆவணங்கள் பதிப்பு வேலை முடியும் முன்பே ஏற்றப்பட்டவை, அவற்றில் அடிக்குறிப்பு இருக்காது. கையெழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற வேறு தளங்களுக்குத்தான் போக வேண்டும்.

பெரிய குறை வேறு. இது எஜமானர்களின் கடிதப் பெட்டி. ஓனா தன் வாயால் சொன்னது 1845-இலும் 1847-இலும் பத்திரிகைகளில் வந்தது, அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். தேடுபொறிக்கு மூன்று நட்சத்திரம், அடிக்குறிப்புகளுக்கு ஐந்து. ஆய்வை இங்கே தொடங்குங்கள், ஆனால் இதை மட்டும் வைத்து அத்தியாயம் எழுதிவிடாதீர்கள்.