அத்லெட்டிக் டைரக்டர் வேலையில் ஒரு வழிகாட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

2021 கோடையில், ஒஹாயோவில் நான் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளியில் என்னை அத்லெட்டிக் டைரக்டர், அதாவது பள்ளி விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர், ஆக்கினார்கள். அதுவரை பகலில் கணக்குப் பாடம், மாலையில் டென்னிஸ் கோச்சிங். பொறுப்போடு கைக்கு வந்தது ஒரு சாவிக்கொத்தும் பழைய போட்டி அட்டவணையும்தான். பஸ், நடுவர்கள், மாணவர்களின் மதிப்பெண் தகுதி, கோச் நியமனம், பெற்றோர் புகார், வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் கூட்டம் எல்லாம் ஒரே ஆள் தலையில். அதனால் அத்லெட்டிக் டைரக்டர்களின் தேசியச் சங்கமான என்.ஐ.ஏ.ஏ.ஏ.வின் தலைமைப் பயிற்சி வகுப்புகளிலும், புதியவர்களை அனுபவசாலிகளோடு இணைத்துவிடும் வழிகாட்டித் திட்டம் ஒன்றிலும் சேர்ந்தேன்.

வகுப்புகள் நல்லவை. எண் போட்ட பாடங்கள். 504ஆம் பாடம் சட்டப் பொறுப்பும் விபத்துத் தடுப்பும், 506ஆம் பாடம் பள்ளிகளில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் பற்றியது. நேரம் குறைவு என்றால் 504ஐ முதலில் முடித்துவிடுங்கள். இந்த வேலைக்கான சி.ஏ.ஏ. என்ற தகுதிச் சான்றிதழுக்குத் தேர்வும் உண்டு. மூன்றாம் ஆண்டில் எழுதித் தேறினேன்.

வழிகாட்டி விஷயம் அவ்வளவு சுலபமாக அமையவில்லை. எனக்கு முதலில் அமைந்த வழிகாட்டி பெரிய பள்ளிக்காரர். அவருக்கு இரண்டு உதவியாளர்கள், எனக்கு யாருமில்லை. நான்கு போன் பேச்சோடு நின்றுபோனது. ஆள் மாற்றிக் கேட்டு ஆறு மாதம் காத்திருந்தேன். அடுத்து வந்தவர், சின்னப் பள்ளிகளில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற மனிதர்.

முதல் நாளே வந்தார். ஆபீஸில் உட்காரவில்லை. "பின்மைதானத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். வாசலில் துருப்பிடித்த பூட்டு. என் கொத்தில் இருந்த பதினோரு சாவியில் ஒன்றும் சேரவில்லை. சரியான சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. எங்கள் அவசரகாலத் திட்டம் பைண்டரில் பக்காவாக இருந்தது. 504 வகுப்பில் அதற்குப் பாராட்டுகூட வாங்கியிருந்தேன். அன்று வயிறு கலங்கிவிட்டது. அடுத்த நாளே பூட்டை மாற்றி, எல்லா கோச்சுக்கும் ஒரு சாவி கொடுத்தேன்.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை வகுப்பிலேயே படித்திருந்தேன். அதை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இரு கோச்சுகளிடமும் நடுவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடப் பழக்கியவர் இவர். கூட்டம் கத்தும்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது இல்லையா?

அப்புறம் பேஸ்பால் பெற்றோர் பணம் திரட்டி ஸ்கோர்போர்டு வாங்கித் தந்தார்கள். பெண்களின் சாஃப்ட்பால் மைதானத்தில் ஒன்றுமே இல்லை. நன்கொடையாக வந்தாலும், 1972இல் வந்த அந்த டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்கும் சமமான வசதி செய்து தருவது பள்ளியின் கடமை. அது எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? முதலில் அவர்கள் உழைப்புக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு இரண்டு மைதானத்தையும் அவர்களோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள் என்றார் வழிகாட்டி. அப்படியே செய்தேன். அடுத்த சீசனில் இரண்டு போர்டும் நின்றன.

குறை என்றால், திட்டம் இரண்டு ஆண்டில் முடிந்துவிடுகிறது. எனக்கு மிகக் கடினமான நாள் வந்தது மூன்றாம் ஆண்டில்தான். பிள்ளைகளை அவமானப்படுத்திப் பேசிய ஒரு கோச்சை, பலமுறை எச்சரித்தும் மாறாததால், வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தது. முந்தின இரவு பழைய பழக்கத்தில் வழிகாட்டியை அழைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாக்கியம் எழுதி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். மறுநாள் பேசி முடித்து வெளியே வந்தபோது, பார்க்கிங்கில் என் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு காபியோடு நின்றுகொண்டிருந்தார்.