லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

லண்டனிலிருந்து பாரிஸுக்கு வான்வழியாகச் சுமார் 345 கிலோமீட்டர்தான். விமான டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், அதிலும் பறப்பது முக்கால் மணி நேரம், மிச்சமெல்லாம் ஓடுபாதையில் ஊர்வது. யூரோஸ்டார் ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் போன முறை விமானத்தில் ஏறினேன். இனி ரயில்தான்.

கணக்கு இப்படி. எங்கள் வீடு ஈஸ்ட் ஹாமில். அங்கிருந்து ஹீத்ரோ லண்டனின் மறுகோடி, பெட்டியோடு ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் ஊருக்குள் போக ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் அரை மணி. வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் ஆறு மணி நேரத்துக்குக் குறையவில்லை.

ரயில் என்றால் ஈஸ்ட் ஹாமிலேயே ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் ஏறி, மாறாமல் யூரோஸ்டார் கிளம்பும் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்க்ராஸில் இறங்கலாம். ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போனால் போதும். ஆனால் எனக்கு முடிவைத் தந்தது வேகமல்ல, பாஸ்போர்ட். பிரெஞ்சுப் போலீஸ் செயின்ட் பான்க்ராஸிலேயே உட்கார்ந்து சோதனையை முடித்து அனுப்பிவிடுகிறது, அதனால் பாரிஸில் கதவு திறந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே தெருவுக்கு வந்துவிடலாம். வந்து நிற்பதும் கார் து நோர் நிலையம், அதாவது ஊருக்குள்ளேயே. ஐந்தாறு நிமிடம் நடந்தால் லாச்சப்பல், நம் தமிழ்க் கடைகள், சூடான கொத்து ரொட்டி. மொத்தம் நாலரை மணி நேரம்.

பெட்டிக்கும் எடை போடுவதில்லை, தூக்க முடிந்தால் சரி. திரவத்துக்கு 100 மில்லி கணக்கும் கிடையாது, அத்தைக்குக் கொண்டுபோகும் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் மடியிலேயே வந்தது. 300 கிலோமீட்டர் வேகத்தில் கென்ட் வயல்கள் ஓடும், பிறகு ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் வேகத்தைக் குறைத்து இருபது நிமிட இருட்டு. 50 கிலோமீட்டர் சுரங்கத்தில் 38 கடலுக்கு அடியில் என்பது காது அடைக்கும்போதுதான் உறைக்கும்.

விலைதான் குறை. கடைசி வாரத்தில் ரயில் டிக்கெட் தேடினால் வயிறு எரியும், அப்போது விமானம் பல நேரம் மலிவு. ஹீத்ரோ பக்கம் ஹவுன்ஸ்லோவில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. கைக்குழந்தையோடு நான் இரண்டிலும் போனதில்லை. பாரிஸைத் தாண்டி நீஸ், துலூஸ் என்று போகிறவர்கள் நேராகப் பறந்துவிடுவதே நல்லது.

ஒன்று மட்டும், பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போகும்போது டிக்கெட்டில் அதிக நேரம் போலவும், திரும்பும்போது ஏறி இறங்குவதற்குள் வந்துவிட்டது போலவும் தெரியும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.