ரஞ்சியா, இருபது ஓவரா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், கிரிக்கெட் லீக் ஆட்டங்களில் மிதவேகப் பந்து போடுவான், ஆறாவதாக பேட்டிங்குக்கு இறங்குவான். "அண்ணே, ரஞ்சிக்குக் குறி வைக்கவா, டிஎன்பிஎல்லுக்கா?" என்று டீக்கடையில் கேட்டான். ரஞ்சி என்பது மாநில அணிகள் மோதும் கோப்பை; டிஎன்பிஎல் தமிழ்நாட்டின் இருபது ஓவர் லீக்.

ரஞ்சி லீக் ஆட்டம் 4 நாள். முதல் நாள் பேட்டிங்கில் சொதப்பினாலும், மறுநாள் தையல் தேய்ந்து மழுங்கிய பந்தை வைத்துக்கொண்டு 15 ஓவர் போட்டு ஈடுகட்டலாம். இரண்டாவது இன்னிங்ஸும் இருக்கிறது. ஆல்ரவுண்டர் தன்னை நிரூபிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 2021-ல் உயர்த்திய சம்பளப்படி, களமிறங்கும் புதியவருக்கே நாளொன்றுக்கு 40,000 ரூபாய். ஆனால் முதுகு தாங்கணும். கேலரியில் காக்கா உட்கார்ந்திருக்கும், அது வேறு.

இருபது ஓவரில் 4 ஓவருக்கு மேல் போட முடியாது. ஆறாவதாக இறங்கினால் பல நாள் பத்து பந்துதான் மிஞ்சும். சரி, வெளிச்சம் அங்கேதான். 2018-ல் டிஎன்பிஎல்லில் மதுரைக்காக ஆடிய வருண் சக்கரவர்த்தியை அதே ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. அவர் சுழல் வித்தைக்காரர் என்பதை மறக்கக் கூடாது. இரண்டும் சுமாராகச் செய்பவனுக்கு ஐபிஎல்லில் 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி ஆப்பு வைத்துவிட்டது: அணிகள் முழு பேட்ஸ்மேனையும் முழு பவுலரையும் மாற்றி இறக்கிக்கொள்கின்றன.

என் ஓட்டு ரஞ்சிக்கு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வராது: டிஎன்பிஎல் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் முடிந்துவிடும், ரஞ்சி அக்டோபர் வாக்கில்தான் தொடங்கும் என்றேன்.

"அப்போ ரெண்டுக்குமே போறேண்ணே" என்று சொல்லிவிட்டு டீக்காசை என் கணக்கில் எழுதச் சொன்னான்.